அமைச்சரின் அந்தரங்கம் வெளியே வந்துவிட்டது: ராஜினாமா கேட்கலாமா?

கேள்வி: எங்கள் தொகுதி உறுப்பினர் அமைச்சராகவும் இருக்கிறார். திருமணத்துக்கு வெளியே அவருக்கு ஓர் உறவு இருந்தது செய்தியாகி, அவரும் ஒப்புக்கொண்டுவிட்டார். அவர் பதவி விலக வேண்டும் என்று கட்சியின் தொகுதிக் குழுவில் தீர்மானம் வரப்போகிறது. நான் அந்தக் குழுவில் இருக்கிறேன். அவர் நல்ல உழைப்பாளி, ஊழல் பேச்சு எதுவும் இல்லை. ஆனால் “கட்டினவளுக்கே உண்மையாக இல்லாதவன் ஊருக்கு உண்மையாக இருப்பானா?” என்று கேட்கிறார்கள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. எப்படி வாக்களிப்பது? அவருடைய மனைவி எனக்கு நெடுநாள் பழக்கம். அவரிடம் இதைப் பற்றிப் பேசலாமா?

பதில்: நீங்கள் எழுதியிருப்பதை மட்டும் வைத்துச் சொன்னால், கை தூக்காதீர்கள். உறவு இருந்தது என்பது மட்டும் பதவி விலகக் காரணம் ஆகாது. அந்த உறவுக்காகப் பதவி பயன்பட்டதா என்றுதான் பார்க்க வேண்டும். அதை உங்கள் குழு இன்னும் கேட்கவே இல்லை என்று தோன்றுகிறது. கேட்டுவிட்டு வாக்களிப்பதுதான் முறை.

முதலில் அந்த இன்னொருவர் யார் என்று பாருங்கள். பெயர் வேண்டாம். அமைச்சரின் அலுவலகத்தில் வேலை பார்ப்பவரா, அவரால் நியமனமோ ஒப்பந்தமோ பெற்றவரா, அவருடைய துறையில் மனு போட்டுக் காத்திருப்பவரா என்று தெரிந்தால் போதும். இவை எதுவும் இல்லையென்றால் விஷயம் பெரும்பாலும் வீட்டோடு முடிகிறது. அவர் அமைச்சருக்குக் கீழே வேலை பார்ப்பவர் என்றால் கதை வேறு. இருவரும் விரும்பித்தான் பழகினார்கள் என்றே வைத்துக்கொண்டாலும், சம்பளமும் பதவி உயர்வும் ஒருவர் கையில் இருக்கும்போது மற்றவருடைய சம்மதத்தை எடைபோடுவது கடினம். அதே அலுவலகத்தில் இருக்கும் மற்ற ஊழியர்களையும் நினைத்துப் பாருங்கள். யாருக்கு இடமாற்றம் கிடைத்தது, யாருடைய புகார் கிடப்பில் போனது என்று அவர்கள் ஒவ்வொன்றையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். ஆஸ்திரேலியாவில் 2018-இல் துணைப் பிரதமர் பார்னபி ஜாய்சுக்கும் அவருடைய முன்னாள் ஊழியருக்கும் இருந்த உறவு வெளிவந்தபோது, பிரதமர் மால்கம் டர்ன்புல் அமைச்சர்களுக்கான நடத்தை விதியையே மாற்றினார். திருமணமானவரோ ஆகாதவரோ, தன் ஊழியருடன் அமைச்சர் பாலுறவு வைத்துக்கொள்ளக் கூடாது என்றது புதிய விதி. திருமணமாகாத அமைச்சருக்கும் அது பொருந்தும் என்பதைக் கவனியுங்கள். ஆக, அந்த விதி காவல் காப்பது திருமணத்தை அல்ல, அலுவலகத்தை.

இங்கே ஓர் எச்சரிக்கை. யாராவது “வற்புறுத்தினார்”, “மறுத்த பிறகு பழிவாங்கினார்” என்று புகார் சொல்லியிருந்தால், அதைக் கள்ள உறவு என்ற கணக்கில் சேர்க்கவே கூடாது. அது பாலியல் தொல்லை. அதற்குத் தனி விசாரணை, தனிச் சட்டம். “அவருடைய சொந்த விஷயம்” என்ற சமாதானம் அங்கே செல்லாது.

அடுத்தது பணம். இதற்கு ஐரிஸ் ராபின்சன் விவகாரத்தைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியவில்லை. வட அயர்லாந்தைச் சேர்ந்த இவர் பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர், உள்ளூர் மன்ற உறுப்பினர், வட அயர்லாந்தின் முதன்மை அமைச்சர் பீட்டர் ராபின்சனின் மனைவியும்கூட. 19 வயது இளைஞர் ஒருவருடன் அவருக்கு இருந்த உறவு 2010 ஜனவரியில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி மூலம் வெளியே வந்தது. வயதைக் கேட்டதும் எல்லோரும் அதையே பேசினார்கள். ஆனால் உள்ளே இருந்தது வேறு. அந்த இளைஞர் ஓர் உணவகம் தொடங்குவதற்காக, கட்டுமானத் தொழிலதிபர்கள் இருவரிடமிருந்து 50,000 பவுண்டு வாங்கிக் கொடுத்திருந்தார் ஐரிஸ். உணவகம் இருந்த இடமோ அவர் உறுப்பினராக இருந்த அதே உள்ளூர் மன்றத்துக்குச் சொந்தம். தனக்கு இதில் தொடர்பு உண்டு என்று மன்றத்தில் அவர் தெரிவிக்கவில்லை. அந்த மாதமே அவர் நாடாளுமன்றத்தை விட்டு விலகினார். இந்தக் கதையிலிருந்து காதலை எடுத்துவிட்டுப் பாருங்கள். அந்த இளைஞர் அவருக்கு அக்காள் மகன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் அவர் விலகித்தான் ஆக வேண்டும். உங்கள் அமைச்சர் விஷயத்திலும் இதே சோதனையைச் செய்யலாம். உறவை எடுத்துவிட்ட பிறகும் ஏதாவது தவறு மிச்சம் இருக்கிறதா? அரசுக் கார், விருந்தினர் மாளிகை, பயணப்படி, பாதுகாப்புக் காவலர்கள், ஒரு நியமனம், ஒரு பரிந்துரைக் கடிதம் இவற்றில் ஏதாவது இருக்கிறதா?

மூன்றாவது பொய். இதில் பலரும் அவசரப்படுகிறார்கள். வீட்டு வாசலில் மைக்கை நீட்டிய நிருபரிடம் “அப்படி எதுவும் இல்லை” என்று சொன்ன பொய்யை நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். கேட்க உரிமை இல்லாதவர் கேட்டார், இவர் மழுப்பினார், அவ்வளவுதான். சபையில் சொன்ன பொய் அப்படி அல்ல. பிரிட்டனின் போர்த்துறை அமைச்சர் ஜான் ப்ரொஃபூமோ 1963 மார்ச்சில், ஓர் இளம் பெண்ணுடன் தன் பழக்கத்தில் முறைகேடு எதுவும் இல்லை என்று நாடாளுமன்றத்தில் எழுந்து நின்று அறிக்கை படித்தார். ஜூனில் அது பொய் என்று ஒப்புக்கொண்டு விலகினார். அதே பெண்ணுக்குச் சோவியத் தூதரகக் கடற்படை அதிகாரி ஒருவருடனும் பழக்கம் இருந்ததால் நாடே பதறியது உண்மை. ஆனால் அவரை வீழ்த்தியது சபையில் படித்த அந்த அறிக்கை. அமைச்சர் சொல்வதை நம்பித்தான் சபை மேற்கொண்டு நடக்கிறது. அந்த நம்பிக்கை போனால் அவரால் அங்கே வேலை செய்ய முடியாது.

பெண் ஊழியர் ஒருவருடனான உறவால் சிக்கிய அமெரிக்க அதிபர் பில் கிளிண்டனின் வழக்கும் இதே தடத்தில்தான் போனது. 1998 டிசம்பரில் பிரதிநிதிகள் சபை அவர்மீது நிறைவேற்றிய பதவிநீக்கக் குற்றச்சாட்டுகள் இரண்டு: பொய்ச் சாட்சியம் சொன்னது, நீதிக்கு இடையூறு செய்தது. மனைவிக்குத் துரோகம் செய்தார் என்று ஒரு குற்றச்சாட்டு கிடையாது. 1999 பிப்ரவரியில் செனட்டில் ஒன்றுக்கு 45 பேரும் மற்றொன்றுக்கு 50 பேரும் ஆதரித்தார்கள். தேவைப்பட்டது 67. அவர் தப்பினார். சத்தியப் பிரமாணம் எடுத்துச் சொன்ன பொய் போதிய காரணம் என்றே நான் நினைக்கிறேன். அன்றைய செனட் அப்படி நினைக்கவில்லை. உங்கள் அமைச்சர் சபையிலோ, விசாரணையிலோ, கட்சித் தலைமை நேரடியாகக் கேட்டபோதோ பொய் சொல்லியிருக்கிறாரா என்று பாருங்கள்.

இப்போது “கட்டினவளுக்கே...” என்ற கேள்விக்கு வருவோம். கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆட்களை வைத்துப் பார்த்தால் நிற்பதில்லை. பிரிட்டனின் வெளியுறவு அமைச்சர் ராபின் குக்கின் உறவு 1997-இல் வெளிவந்தது, அவருடைய திருமணமும் முறிந்தது. அவர் பதவியில் தொடர்ந்தார். 2003-இல் இராக் போரை ஏற்க முடியாது என்று சொல்லி அமைச்சரவையை விட்டு விலகியவரும் அதே ராபின் குக்தான். வீட்டில் உண்மையாக இல்லாதவர் பொதுவாழ்வில் தன் மனசாட்சிக்காகப் பதவியை உதறியிருக்கிறார். மறுபக்கம், 1974-இல் வாட்டர்கேட் ஊழலில் சிக்கி அமெரிக்க அதிபர் பதவியை விட்டுப் போன ரிச்சர்ட் நிக்சனை வீழ்த்தியது மண வாழ்க்கை பற்றிய குற்றச்சாட்டு அல்ல. ஒருவர் நல்ல கணவரா என்பதை வைத்து அவர் கணக்கை ஒழுங்காக வைப்பாரா என்று சொல்லிவிட முடியாது. கணக்கையே பாருங்கள்.

“ரகசியத்தை வைத்து யாராவது மிரட்டினால்?” என்றும் குழுவில் கேட்பார்கள். இது கனமான கேள்விதான். ரகசியத்தைக் காப்பாற்ற அரசு எந்திரத்தையே திருப்பிவிட்டவர்கள் உண்டு. பிரெஞ்சு அதிபர் மித்தரான் தன் இரண்டாவது குடும்பத்தை அரசுக் குடியிருப்பில் வைத்திருந்தார். அதை வெளியிடப்போவதாகச் சொன்ன ஓர் எழுத்தாளரின் தொலைபேசியை அதிபர் மாளிகையின் பாதுகாப்புப் பிரிவு ஒட்டுக்கேட்டது. பல ஆண்டுகள் கழித்து, 2005-இல், அந்த ஒட்டுக்கேட்பு விவகாரத்தில் தொடர்புடைய அதிகாரிகளுக்கு நீதிமன்றம் தண்டனை கொடுத்தது. ஆனால் உங்கள் அமைச்சர் ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிட்டார். வெளியே வந்துவிட்ட ரகசியத்தை வைத்து யாரும் மிரட்ட முடியாது. இதுவரை யாராவது மிரட்டியிருந்தார்களா, அதற்குப் பணிந்து எந்தக் கோப்பிலாவது கையெழுத்துப் போட்டாரா என்பது மட்டும்தான் மிச்சம்.

அப்புறம், இரட்டை வேடம். குடும்ப மதிப்புகளைப் பற்றி மேடையில் முழங்கியவர் என்றால் எரிச்சல் வருவது இயல்பு. எனக்கும் வரும். அதற்கான தண்டனையை வாக்காளர்கள் கொடுத்துக்கொள்ளட்டும். தானே அமல்படுத்திய விதியைத் தானே மீறியிருந்தால் மட்டும் அது குழுவின் வேலை. பிரிட்டனின் சுகாதார அமைச்சர் மாட் ஹான்காக் 2021-இல் பதவியை இழந்தது, நாட்டு மக்களுக்கு அவர் அறிவித்த பெருந்தொற்று இடைவெளி விதியைத் தன் அலுவலகத்திலேயே மீறியதால். அரசு வழக்குரைஞராக இருந்தபோது பாலியல் தொழில் வலைப்பின்னல்களை வழக்குப் போட்டு ஒடுக்கிய எலியட் ஸ்பிட்சர், நியூயார்க் ஆளுநரான பிறகு அப்படி ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் என்று தெரியவந்து 2008 மார்ச்சில் விலகினார். அவருக்குப் பதிலாக வந்த டேவிட் பேட்டர்சன், பதவியேற்ற மறுநாளே தானும் தன் மனைவியும் திருமணத்துக்கு வெளியே உறவு வைத்திருந்ததைத் தாங்களாகவே சொன்னார்கள். பேட்டர்சன் மிச்சக் காலத்தை முடித்துவிட்டுத்தான் போனார்.

இனி நடைமுறை. “பதவி விலக வேண்டும்” என்று மொட்டையாக ஒரு தீர்மானம் வந்தால், எந்தப் பதவி என்று முதலில் கேளுங்கள். அவரிடம் மூன்று இருக்கின்றன. அமைச்சர் பதவி அரசின் தலைவர் கொடுத்தது. அவருக்கு நம்பிக்கை போனால் எடுத்துவிடலாம், பெரிய காரணம்கூட வேண்டியதில்லை. கட்சிப் பொறுப்பு உங்கள் கையில் இருப்பது. தொகுதி உறுப்பினர் பதவியோ வாக்காளர்கள் கொடுத்தது. அதைக் குழுவில் பத்துப் பேர் கூடிப் பறிப்பது சரியல்ல. ஜாய்ஸ்கூடத் துணைப் பிரதமர் பதவியைத்தான் விட்டார், தொகுதியை விடவில்லை. உறுப்பினரைத் திரும்ப அழைக்கப் பிரிட்டனில் 2015-இல் வந்த சட்டத்திலும், சிறைத் தண்டனை, சபையிலிருந்து நீண்ட இடைநீக்கம், செலவுக் கணக்கில் பொய் ஆகியவைதான் காரணங்கள். கள்ள உறவு அந்தப் பட்டியலில் இல்லை.

நடுவழி ஒன்றும் உண்டு. ஐரிஸ் விவகாரம் வெடித்தபோது அவருடைய கணவர் பீட்டர் ராபின்சன் ராஜினாமா செய்யவில்லை. பொறுப்பை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டுச் சில வாரங்கள் ஒதுங்கியிருந்து பிறகு திரும்பினார். அதே ஆண்டு மே மாதப் பொதுத்தேர்தலில் தன் நாடாளுமன்றத் தொகுதியில் தோற்றும் போனார். குழு செய்ய வேண்டியதைக் குழுவும், வாக்காளர்கள் செய்ய வேண்டியதை வாக்காளர்களும் செய்தார்கள் என்றுதான் இதை நான் பார்க்கிறேன்.

ஆகவே கூட்டத்தில் ஒரு திருத்தம் கொண்டுவாருங்கள். அரசு வளங்கள், நியமனங்கள், ஊழியர் தொடர்பு, அதிகாரபூர்வ அறிக்கைகள் ஆகிய நான்கைப் பற்றியும் அமைச்சர் எழுத்தில் பதில் தர வேண்டும். அதற்குத் தேதி குறியுங்கள். அதுவரை ராஜினாமா தீர்மானத்தை ஒத்திவையுங்கள். பதில் தர மறுத்தாலோ, தந்த பதில் பொய் என்று தெரிந்தாலோ, அப்போது தாராளமாகக் கை தூக்குங்கள். விசாரணைக் காலத்தில் அவரை ஒதுங்கியிருக்கச் சொல்வதும் நியாயமே. கூட்டத்தில் யாராவது கைப்பேசியை எடுத்து வீடியோவோ படமோ காட்ட வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். அதன் உண்மையை உங்கள் குழுவால் சோதிக்க முடியாது. பல நாடுகளில் அதைப் பரப்புவதே குற்றம். அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் கேட்டி ஹில் 2019-இல் விலகியபோது, அவருடைய தேர்தல் பிரச்சார ஊழியருடனான உறவு நியாயமான கேள்வியாக இருந்தது. ஆனால் அவருடைய அனுமதி இல்லாமல் வெளியான படங்கள்தான் ஊரெல்லாம் சுற்றின. பெண் அரசியல்வாதி என்றால் இது இன்னும் மோசமாக நடக்கும். உங்கள் அமைச்சர் பெண்ணாக இருந்தால் இதே தீர்மானம் எவ்வளவு வேகமாக வந்திருக்கும் என்று குழுவில் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.

கடைசியாக, அவருடைய மனைவி. தோழி என்ற முறையில் போய்ப் பாருங்கள், குழு உறுப்பினராகப் போகாதீர்கள். “நீங்கள் மன்னித்துவிட்டீர்களா?”, “உங்களுக்கு முன்பே தெரியுமா?” என்ற கேள்விகள் வேண்டாம். அவர் மன்னித்ததால் அமைச்சர் தப்பவும் கூடாது, மன்னிக்காததால் மாட்டவும் கூடாது. செய்தியாளர் கூட்டத்தில் கணவர் பக்கத்தில் நிற்கச் சொல்லிக் கட்சியிலிருந்து யாராவது கேட்டால், முடியாது என்று சொல்ல அவருக்குத் துணை நில்லுங்கள். அவராகவே உங்களிடம் அரசுப் பணம், போலிக் கையெழுத்து என்று ஏதாவது சொன்னால், அதைக் கேட்டு வந்து குழுவில் நீங்கள் ஒப்பிக்க வேண்டாம். பிரிட்டிஷ் அமைச்சர் கிறிஸ் ஹூன் காரை வேகமாக ஓட்டியதற்காக ஓட்டுநர் உரிமத்தில் ஏறும் அபராதப் புள்ளிகளை அவருடைய மனைவி தன்மேல் ஏற்றுக்கொண்டது, அவர்களுடைய திருமணம் முறிந்த பிறகு வெளியே வந்தது. 2013-இல் இருவருக்கும் எட்டு மாதச் சிறை கிடைத்தது. அதை வெளியே சொன்ன மனைவியையும் சேர்த்துத்தான் சட்டம் பிடித்தது. அதனால் உங்கள் தோழியிடம் அப்படி ஏதாவது இருந்தால், உங்களிடம் மேற்கொண்டு பேசுவதற்கு முன் ஒரு வழக்கறிஞரைப் பார்க்கச் சொல்லுங்கள்.