கேம் விளம்பரம் சொன்னதும் கைக்கு வந்ததும்: கேள்வி பதில்

வீடியோ கேம் நிறுவனங்களின் விளம்பரங்கள், அவற்றைத் தட்டிக்கேட்பவர்கள் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: விளம்பரத்தில் கம்பியை உருவி ஆளைக் காப்பாற்றும் புதிர் வருகிறது. இறக்கிப் பார்த்தால் ஒரே நிறக் காய்களை மூன்று மூன்றாகச் சேர்க்கும் விளையாட்டு. இது ஏமாற்று இல்லையா?

ஏமாற்றுதான். இதற்குத் தீர்ப்பே இருக்கிறது. ஹோம்ஸ்கேப்ஸ், கார்டன்ஸ்கேப்ஸ் கேம்களுக்காக பிளேரிக்ஸ் நிறுவனம் ஃபேஸ்புக்கில் போட்ட இரண்டு விளம்பரங்களை பிரிட்டனின் விளம்பரத் தரநிலை ஆணையம் 2020இல் தடை செய்தது. அந்தப் புதிர்களும் கேமுக்குள் இருக்கின்றன என்று நிறுவனம் வாதாடியது. இருந்தன, ஆனால் எங்கோ உள்ளே தள்ளி, எப்போதாவது. எல்லாப் படங்களும் உண்மையான ஆட்டம் அல்ல என்று ஒரு வரியும் சேர்த்திருந்தார்கள். அது போதாது என்றது ஆணையம்.

ஏன் இப்படிச் செய்கிறார்கள்? இலவச கேம் தொழிலில் ஒருவரை இறக்க வைக்க ஆகும் விளம்பரச் செலவுதான் முக்கியக் கணக்கு. பல விதமான விளம்பரங்களை ஓடவிட்டு, எதை அதிகம் பேர் தட்டுகிறார்களோ அதை வைத்துக்கொள்வார்கள். அது கேமோடு பொருந்துகிறதா என்பது அந்தக் கணக்கில் வராது. போதாக்குறைக்கு அந்த ஆணையத்துக்கு அபராதம் போடும் அதிகாரமும் கிடையாது. இதே வடிவில் இனி வரக்கூடாது என்று சொல்லும், அவ்வளவுதான். வேறு வடிவில் மறுபடி வரும்.

கேள்வி: டிரெய்லரில் பார்த்த அழகு கேமில் இல்லை. புகார் கொடுத்தால் எடுபடுமா?

அநேகமாக எடுபடாது. 2016இல் நோ மேன்ஸ் ஸ்கை வெளிவந்தபோது, ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையின் பக்கத்தில் இருந்த படங்களும் வீடியோக்களும் பொய் என்று அதே ஆணையத்திடம் 23 பேர் முறையிட்டார்கள். கோள்களையும் உயிரினங்களையும் கணினியே உருவாக்கிக்கொண்டு போகும் கேம் அது. ஒருவருக்குத் தெரிந்த காட்சி இன்னொருவருக்குத் தெரியாது என்ற விளக்கத்தை ஏற்று, ஆணையம் நிறுவனத்தை விட்டுவிட்டது.

2014இல் இ.ஏ. (எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ்) நிறுவனம் மட்டும் மாட்டியது. டஞ்சன் கீப்பர் மொபைல் கேம் இலவசம் என்று மின்னஞ்சல் அனுப்பியிருந்தார்கள். உள்ளே போனால் சில பாறைகளைத் தோண்டவே மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் காசு. விளம்பரத்தில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. கேம் மோசமாக இருப்பது குற்றமில்லை. சொன்ன சொல் பொய்யாக இருப்பதுதான் குற்றம். அழகை அளக்க முடியாது. ‘இலவசம்’ என்ற சொல்லை அளக்க முடியும்.

கேள்வி: டப்பாவின் மேலிருக்கும் வயது முத்திரையை அரசாங்கம் கொடுக்கிறதா?

பெரும்பாலும் இல்லை. மார்ட்டல் காம்பாட், நைட் ட்ராப் கேம்களைக் காட்டி 1993இல் அமெரிக்க செனட்டில் விசாரணை நடந்தது. நீங்களே செய்யாவிட்டால் நாங்கள் செய்வோம் என்ற மிரட்டலில்தான் 1994இல் தொழில்துறையே வயது முத்திரை கொடுக்கும் இ.எஸ்.ஆர்.பி. அமைப்பைத் தொடங்கியது. வன்முறை கேம்களைச் சிறுவருக்கு விற்கக் கூடாது என்று கலிஃபோர்னியா போட்ட சட்டத்தை, பேச்சுரிமைக்கு எதிரானது என்று 2011இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஆகவே அங்கே முத்திரைக்குச் சட்ட பலம் இல்லை, கடைக்காரரின் ஒழுங்குதான். பிரிட்டனில் 2012 முதல் ஐரோப்பாவின் பெகி வயது முத்திரைக்குச் சட்ட பலம் உண்டு.

கேள்வி: லூட் பாக்ஸ் சூதாட்டமா, இல்லையா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

ஒரே வார்த்தையில் முடியாது, மன்னிக்கவும். லூட் பாக்ஸ் என்பது உள்ளே என்ன கிடைக்கும் என்று தெரியாமலே திறக்கும் கேம் பெட்டி, பெரும்பாலும் காசு கொடுத்து. பெல்ஜியம் 2018இல் ஆம் என்றது. அதன் பிறகு ஃபிஃபா கால்பந்து கேமில் இப்படிப்பட்ட பேக்குகளை வாங்க உதவும் ஃபிஃபா பாயின்ட்ஸ் விற்பனையை இ.ஏ. அங்கே நிறுத்தியது. பக்கத்து நாடான நெதர்லாந்திலும் அதே ஃபிஃபா பேக்குகளுக்காக இ.ஏ.மீது 1 கோடி யூரோ அபராதம் விழுந்தது. ஆனால் 2022இல் மேல்முறையீட்டில் அது ரத்தானது. பேக்கைத் திறப்பது தனி ஆட்டமல்ல, திறமையால் ஆடும் பெரிய ஆட்டத்தின் ஒரு பகுதி என்பது காரணம். ஒரே பொருள், எல்லை தாண்டினால் வேறு பதில்.

என்னைக் கேட்டால், சூதாட்டச் சட்டத்தோடு மல்லுக்கட்டுவதைவிட ஜப்பான் 2012இல் போன வழி கெட்டிக்காரத்தனம். பல பொருள்களைக் குலுக்கலில் சேர்த்து முழு செட் ஆக்கினால் பெரிய பரிசு என்ற ‘கம்ப்ளீட் காச்சா’ முறையை, பரிசுகளையும் தவறான விளம்பரத்தையும் கட்டுப்படுத்தும் சட்டத்தைக் காட்டி நிறுத்தினார்கள். தென் கொரியாவும் இதே பக்கம்தான். மேப்பிள்ஸ்டோரி கேமில் நல்ல பொருள் கிடைக்கும் வாய்ப்பைச் சத்தமில்லாமல் குறைத்த நெக்ஸான் நிறுவனத்துக்கு 2024 ஜனவரியில் சுமார் 1,160 கோடி வோன் அபராதம். குற்றம் குலுக்கல் அல்ல, மறைத்தது. அதே ஆண்டு மார்ச் முதல் வாய்ப்பு விகிதத்தை வெளியிடுவது அங்கே கட்டாயம்.

கேள்வி: யூடியூபர்கள் புகழ்வதை நம்பலாமா?

வீடியோவுக்குக் கீழே உள்ள விவரத்தை முழுதாக விரித்துப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஷேடோ ஆஃப் மோர்டோர் கேமுக்காக வார்னர் பிரதர்ஸ் நிறுவனம் பியூடிபை உள்ளிட்ட யூடியூபர்கள் பலருக்குக் காசு கொடுத்தது. கேமில் உள்ள பிழைகளைக் காட்டக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே இருந்தது. காசு வாங்கிய செய்தியோ விவரத்தை விரித்தால்தான் தெரியும். அமெரிக்க வர்த்தக ஆணையம் 2016இல் இதைப் பிடித்தது.

கேள்வி: பட்டனைத் தெரியாமல் தொட்டேன், காசு போய்விட்டது. என் தப்பா?

முழுக்க உங்கள் தப்பு இல்லை. ஃபோர்ட்நைட்டில் லோடிங் திரையில் கை பட்டாலே காசு பிடிக்கும் அளவுக்கு பட்டன்கள் குழப்பமாக இருந்தன என்று அதே அமெரிக்க வர்த்தக ஆணையம் குற்றம்சாட்டியது. ஆட்டக்காரர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க, அந்த கேமின் நிறுவனமான எபிக் 24.5 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது.

கேள்வி: ‘வாங்கு’ என்று தட்டி வாங்கிய கேமை நிறுவனம் பறிக்கலாமா?

பறிக்கலாம், நீங்கள் வாங்கியது உரிமம்தான். அதை மறைத்து ‘வாங்கு’ என்று போடக் கூடாது என்கிறது 2025 ஜனவரியில் அமலுக்கு வந்த கலிஃபோர்னியா சட்டம். பறிப்பதை அது தடுக்கவில்லை, சொல்லிவிட்டுப் பறி என்கிறது.

கேள்வி: புகார் கொடுக்க என்ன வேண்டும்?

விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், பார்த்த தேதி, அதிலிருந்த வாசகம் அப்படியே. முக்கியமாக, காசு கட்டும் முன்பே எடுத்து வையுங்கள். ஒருமுறை நான் கோபம் தணிந்து மறுநாள் போனபோது கடைப் பக்கத்தில் அந்த வரியே இல்லை.