பழைய ஸ்டீல் ரோடு சைக்கிளில் புது ஷிஃப்டர் பொருந்துமா?

7 ஸ்பீடு ஃப்ரீவீல் (பின் சக்கர ஹப்பில் திருகி மாட்டும் பல்சக்கரத் தொகுதி) இருந்த ஸ்டீல் ஃப்ரேமில், பிரேக் லீவரோடு சேர்ந்த 10 ஸ்பீடு ஷிஃப்டர் போடலாமா என்பது கேள்வி. தாராளமாகப் போடலாம். முதலில் பின் டிராப்அவுட்டுகளின் (பின் சக்கர அச்சு உட்காரும் ஃப்ரேம் முனைகள்) உள் இடைவெளியை அளந்து பாருங்கள். பழைய ஃப்ரேம்களில் பெரும்பாலும் 126 மி.மீ. இருக்கும், 10 ஸ்பீடுக்கான புது ஹப்புக்கு (சக்கரத்தின் நடுப்பகுதி) 130 வேண்டும். ஸ்டீல் என்பதால் பக்கத்துக்கு 2 மி.மீ. விரிக்கலாம் (அலுமினியத்திலும் கார்பனிலும் கை வைக்கவே கூடாது). விரித்தபின் டிராப்அவுட்டுகளை இணையாக்கி, டீரெய்லர் (செயினைப் பல்சக்கரம் மாற்றும் கருவி) தொங்கும் ஹேங்கரையும் நேராக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் திருகை எப்படித் திருகினாலும் கியர் ஒழுங்காக விழாது. டவுன்டியூபில் (ஃப்ரேமின் கீழ்ச் சாய்வுக் குழாய்) பழைய கியர் லீவர் கழன்ற இடத்தில் கேபிள் ஸ்டாப் (கேபிள் உறை முட்டி நிற்கும் துண்டு) மாட்டிக்கொள்ளலாம்.

ஷிஃப்டரும் பின் டீரெய்லரும் ஜோடி சேர வேண்டும். ஷிமானோ நிறுவனத்தின் டியாக்ரா 4700 வரிசையும் 10 ஸ்பீடுதான்; ஆனால் கேபிள் இழுக்கும் அளவு வேறு என்பதால் முந்தைய 10 ஸ்பீடு டீரெய்லரோடு ஒத்துப்போகாது.