இரண்டரை வயது, பத்துச் சொல்: எங்கே காட்டுவது?

கேள்வி: மகனுக்கு இரண்டரை வயது. பத்துப் பன்னிரண்டு சொல்தான் பேசுகிறான். வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ் என்பதால் குழம்புகிறானா? 'ஆம்பளைப் பிள்ளை மெதுவாத்தான் பேசும்' என்கிறார் மாமியார். காத்திருக்கலாமா?
– வாசகி, ஓசூர்

பதில்: காத்திருக்க வேண்டாம், சகோதரி. இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சு தாமதமாகாது; தெலுங்கை நிறுத்தாதீர்கள். 2 வயதில் இரு மொழியும் சேர்த்து ஏறக்குறைய 50 சொல்லும், 'அம்மா வா' போன்ற இரட்டைச் சொல்லும் வந்திருக்க வேண்டும்.

முதலில் காது. குக்கர் விசிலுக்குத் திரும்புகிறானே என்று பலர் விட்டுவிடுகிறார்கள். உரத்த சத்தம் கேட்கும் பிள்ளைக்கும் 'ச' போன்ற மெல்லிய ஒலி கேட்காமல் போகலாம். கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் காட்டுங்கள். ஒலிக்குக் காது நரம்பும் மூளையும் எப்படிப் பதில் தருகின்றன என்று பார்க்கும் பெரா டெஸ்ட்டை டாக்டர் எழுதிக் கொடுத்தால், அதற்குப் பிள்ளை தூங்கியாக வேண்டும். அன்று சீக்கிரம் எழுப்பி, பஸ்ஸில் தூங்கவிடாமல் கூட்டிப் போங்கள். பாதியில் விழித்தால் மறுபடி அலைய நேரும்.

அங்கன்வாடிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடமும் சொல்லுங்கள்; பேச்சுப் பயிற்சிக்கு, வளர்ச்சி தாமதமாகும் பிள்ளைகளைக் கவனிக்கும் அரசின் ஆரம்ப இடையீட்டு மையத்துக்கு எழுதித் தருவார்கள், கட்டணமில்லை. வீட்டில் அவன் பேசும் 2 நிமிட வீடியோ கையில் இருக்கட்டும். புது இடத்தில் பல பிள்ளைகள் வாயே திறப்பதில்லை.

பெயர் சொன்னால் திரும்பாமை, விரலால் காட்டாமை, பேசிய சொல் மறைதல் இருந்தால் இந்த வாரமே போங்கள்.