சிவப்பு லாந்தருக்கும் சேர்த்து பில் போட்டால்?

கேள்வி: அப்பா ரிட்டயர் ஆனதற்காகக் குன்னூரிலிருந்து ஆறு பேர் கிளம்பி ஊட்டியில் புதிதாகத் திறந்த ஒரு ஆசிய ரெஸ்டாரன்டுக்குப் போனோம் சார். கூரை முழுக்கச் சிவப்பு லாந்தர், ஆள் உயரத்துக்குப் புத்தர், உள்ளேயே குளம், அதில் கலர் மீன், மூலைக்கு மூலை பிளாஸ்டிக் செர்ரிப் பூ மரம். பிள்ளைகள் போட்டோ எடுத்தே அரை மணி நேரம் போனது. சாப்பாடு 4,860 ரூபாய். பில் வந்தபோது அதற்கு மேல் சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதம், ‘ஆம்பியன்ஸ் சார்ஜ்’ என்று தலைக்கு 50, எல்லாவற்றுக்கும் மேல் ஜிஎஸ்டி. மொத்தம் 5,928. மெனுவில் விலையே இல்லாத ஒரு மீனுக்கு மட்டும் 1,450. அப்பா விசேஷமாயிற்றே என்று வாயைத் திறக்காமல் கட்டிவிட்டு வந்தேன். இப்போது ஏதாவது செய்ய முடியுமா? இன்னொன்று, 180 ரூபாய் மல்லிகை டீயை முப்பது வருஷம் டீ ஃபேக்டரியில் இருந்த அப்பா மோந்து பார்த்துவிட்டு, “எசென்ஸ் ஊத்தின நம்ம டஸ்ட்டுதான்டா” என்றார். அதையும் கேட்கலாமா?

பதில்: முதலில் கசப்பானதைச் சொல்லிவிடுகிறேன். நூடுல்ஸுக்கு 420 ரூபாயா என்று இப்போது பொருமிப் பயனில்லை. மெனுவில் போட்ட விலை, பார்த்துவிட்டுத்தான் ஆர்டர் கொடுத்தீர்கள். அந்தப் புத்தரும் குளமும் செர்ரி மரமும் அந்த 420-க்குள்தான் உட்கார்ந்திருக்கின்றன, வேறு எங்கிருந்து வரும்? அதனால்தான் ‘ஆம்பியன்ஸ் சார்ஜ்’ என்று தனியாக ஒரு வரி பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரே லாந்தருக்கு இரண்டு தடவை காசு.

சட்டம் இந்த விஷயத்தில் உங்கள் பக்கம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே சொல்லிவிட்டது: சேவைக் கட்டணத்தை பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது, வேறு பெயர் வைத்தும் வசூலிக்கக் கூடாது. உணவகச் சங்கங்கள் கோர்ட்டுக்குப் போய் இடைக்காலத் தடை வாங்கின. 2025 மார்ச் 28-இல் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த மனுக்களைத் தள்ளுபடி செய்தது. சங்கங்கள் மேல்முறையீட்டுக்குப் போயிருந்தாலும், அடுத்த மாதமே டெல்லியில் ஐந்து உணவகங்களுக்கு, வாங்கிய சேவைக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. ‘வேறு பெயர் வைத்தும்’ என்ற இடத்தில்தான் உங்கள் ஆம்பியன்ஸ் சார்ஜ் மாட்டுகிறது.

கணக்கைப் பாருங்கள். 4,860-க்கு 5 சதவீத ஜிஎஸ்டி 243, ஆக 5,103-தான் நியாயமான பில். சேவைக்கு 486, அலங்காரத்துக்கு 300, இந்த இரண்டின் மேலும் வரி போட்டு, உங்களிடம் 825 ரூபாய் கூடுதலாக வாங்கியிருக்கிறார்கள். (அறை வாடகை 7,500-ஐத் தாண்டும் பெரிய ஹோட்டலுக்குள் இருக்கும் ரெஸ்டாரன்ட் என்றால் வரி 18 சதவீதம் இருக்கலாம், அது தனிக் கதை.)

கட்டிவிட்டோமே, முடிந்தது என்று நினைக்க வேண்டாம். பில்லைத் தொலைக்காதீர்கள், இப்போதே ஒரு போட்டோ எடுத்து வையுங்கள், அந்தப் பில் பேப்பர் ஆறு மாதத்தில் வெளுத்துப் போகும். மேனேஜருக்கு மெசேஜ் போட்டு 825-ஐத் திருப்பிக் கேளுங்கள். நழுவினால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். பல கடைகள் அந்தக் கட்டத்திலேயே இறங்கி வந்துவிடும். அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் ஊட்டியிலேயே இருக்கிறது, இரண்டு வருஷத்துக்குள் புகார் கொடுக்கலாம், ஐந்து லட்சம் வரையிலான விவகாரத்துக்குக் கட்டணமும் கிடையாது. சமவெளியிலிருந்து சுற்றுலா வருகிறவர்கள் இதற்காக மறுபடி மலையேற வேண்டாம், தங்கள் ஊர் ஆணையத்திலேயே கொடுக்க 2019 சட்டம் வழி வைத்திருக்கிறது.

மீன் விஷயத்தில் தப்பு பாதி உங்கள் மேல். விலைக்குப் பதில் ‘ஏ.பி.எஸ்’ என்று போட்டிருந்திருப்பார்கள். மீனின் அளவைப் பொறுத்து விலை என்பதன் சுருக்கம் அது. அதைப் பார்த்ததும் எத்தனை கிராம், கிராம் என்ன கணக்கு, மொத்தம் எவ்வளவு வரும் என்று கேட்டுவிட வேண்டும். கேட்க வெட்கப்பட்டால் 1,450. அப்படியே இன்னும் இரண்டு: சுஷி என்கிற ஜப்பான் சோற்று உருண்டையில் வரும் ‘கிராப் ஸ்டிக்’ பெரும்பாலும் நண்டே இல்லை, வெள்ளை மீனை அரைத்து நண்டு வாசனை சேர்த்தது. அதோடு பச்சை நிறத்தில் வைக்கும் வசாபி என்ற காரமான விழுதும் அநேக இடங்களில் கலர் போட்ட ஹார்ஸ்ரேடிஷ் என்ற வேறொரு கிழங்குதான். நண்டு விலையும் ஜப்பான் வசாபி விலையும் வாங்குகிறார்களா என்று மட்டும் பாருங்கள்.

ஒரு விஷயம். ஊட்டிக்குச் சீனச் சாப்பாடு ஒன்றும் புதுசு இல்லை, கமிஷனர் ரோட்டில் ஷின்கோஸ் 1954-லிருந்து இருக்கிறது. அங்கே ஜனங்கள் போவது லாந்தரை அண்ணாந்து பார்க்க இல்லை.

கடைசியாக டீ. மல்லிகை டீ என்றால் பொதுவாகப் பச்சைத் தேயிலையோடு மல்லிகைப் பூவைப் போட்டு வாசனை ஏற்றுவது. டஸ்டில் எசென்ஸ் ஊற்றி அந்தப் பெயரில் 180 ரூபாய்க்கு விற்றால் அது ஏமாற்று வேலை, தாராளமாகப் புகார் செய்யலாம். உங்கள் அப்பாவின் மூக்கை நான் முழுசாக நம்புகிறேன். ஆனால் அந்த மூக்கை ஆணையத்தில் ஆவணமாகத் தாக்கல் செய்ய முடியாதே. அடுத்த தடவை அவர் முகம் சுளித்த உடனேயே, மிச்சத்தைக் குடிக்காமல், கோப்பையைத் திருப்பி அனுப்பி பில்லில் எடுக்கச் சொல்லுங்கள்.