புடைப்புச் சிற்பம் என்றால் என்ன? பெல்ஜியத்தில் இதற்கு நல்ல உதாரணம் உண்டா?

ஒரே கல்லில், பின்னணியை விட்டுப் பிரியாமல் உருவங்கள் மேலெழும்பி நிற்கும்படி செதுக்குவதுதான் புடைப்புச் சிற்பம். சட்டைப்பையில் இருக்கும் நாணயத்தை விரலால் தடவிப் பாருங்கள், அதுவும் இதே வேலைதான். தேவாலயங்கள் இதை விரும்பியதற்குக் காரணம் இருக்கிறது: ஒரு பலகைக்குள் முழுக் கதையையே சொல்லிவிடலாம். முன்னால் நிற்பவர் அதிகமாகப் புடைத்திருப்பார், தொலைவில் இருப்பவர் லேசாக. பக்கவாட்டு வெளிச்சம் பட்டால் நிழல் விழுந்து காட்சி உயிர்பெறும்.

எனக்கு மிகவும் பிடித்தவை, மோன்ஸ் நகரின் புனித வோத்ரு தேவாலயத்தில் உள்ள அலபாஸ்டர் (மென்மையான வெண்ணிறக் கல்) சிற்பங்கள். இயேசுவின் பாடுகளையும் உயிர்த்தெழுதலையும் 16ஆம் நூற்றாண்டில் ழாக் து புரோக் செதுக்கினார். பீடப் பகுதியைப் பிரித்த தடுப்புக்காகச் செய்தவை அவை. 1797இல் தடுப்பைப் பிரித்தெடுத்தார்கள். நல்லவேளையாகப் பல பலகைகள் தப்பின. து புரோக் கட்டடக் கலைஞரும்கூட. அன்று இப்பகுதியை ஆண்ட ஆளுநர், ஹங்கேரியின் மேரிக்காக அவர் பான்ஷ் நகரில் கட்டிய அரண்மனையை 1554இல் பிரெஞ்சுப் படை எரித்தது. அப்புறம், பின்னாளில் இத்தாலியில் புகழ்பெற்ற சிற்பி ஜம்போலோன்யா தொழில் கற்றது இவரிடம்தான்.

உருவங்களைத் தனியாகச் செய்து பலகையில் ஒட்டுவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில், உருவத்தைச் சுற்றியுள்ள கல்லைத்தான் செதுக்கி எடுக்கிறார்கள்.