விண்டரில் ஞாயிறு தோறும் காரை ஸ்ரார்ட் பண்ணி விடலாமா?

கேள்வி: இந்தக் கோடையில் 2008 ஆம் ஆண்டு போர்ஷே பொக்ஸ்ரர் ஒன்று வாங்கினேன். ஸ்காபரோவில் ரவுன்ஹவுஸ், வீட்டோடு ஒட்டிய கராஜ், ஹீற்றர் இல்லை. விண்டரில் இதை ஓட்டப் போவதில்லை. ஞாயிறு தோறும் பத்து நிமிடம் ஸ்ரார்ட் பண்ணி விட்டால் பற்றரி சாகாது என்கிறார் நண்பர். இன்னொருவர் ஹீற்றர் போட்ட ஸ்ரோறேஜில் நிறுத்தித் தருகிறாராம், ஏப்ரல் வரை 900 டொலர், கையில் காசாகத் தரவேண்டும். இன்சூரன்ஸை வெட்டிவிட்டால் அந்தக் காசு மிச்சம் என்று மனைவி சொல்கிறா. என்ன செய்யட்டும்?

பதில்: ஞாயிற்றுக்கிழமை நித்திரை கொள்ளுங்கள் தம்பி. காரைத் தொட வேண்டாம்.

ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லீற்றர் தண்ணீர் உண்டாகும். சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை. குளிர் நாளில் சிக்னலில் உங்களுக்கு முன்னால் நிற்கும் காரின் சைலன்சரில் இருந்து சொட்டுவது என்னவென்று பாருங்கள். எஞ்சின் நன்றாகச் சூடேறி ஓடினால் அது ஆவியாய்ப் போய்விடும். நின்ற இடத்தில் பத்து நிமிடம் உறுமினால் போகாது. சைலன்சருக்குள் தேங்கி உள்ளிருந்து துருவாக்கும், மிச்சம் ஒயிலில் கலக்கும். வாரம் தவறாமல் ஸ்ரார்ட் பண்ணிய ஒருவரின் கார் போன மார்ச்சில் என்னிடம் வந்தது. ஒயில் மூடியைக் கழற்றினால் அடியில் எருமைத் தயிர் மாதிரி வெளிர்மஞ்சள் பசை. விரலால் வழித்துக் காட்டினேன். "நான் நல்லாத்தானே பார்த்தனான்" என்றார் மனிசன்.

பற்றரிக்கும் அதனால் லாபமில்லை. குளிர்ந்த எஞ்சினைச் சுழற்றச் செலவானதை, நின்றபடி ஓடும் பத்து நிமிடம் சரியாகத் திருப்பித் தராது. உங்களுடையது வீட்டோடு ஒட்டிய கராஜ் வேறு. கதவைத் திறந்து வைத்தாலும் அங்கே எஞ்சினை ஓடவிடக் கூடாது. கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை, மேலே படுக்கையறை.

பற்றரிக்கு வேண்டியது ஒரு சிறிய மெயின்ரெய்னர், அதாவது பற்றரியை எப்போதும் நிரம்பியபடி வைத்திருக்கும் சின்னச் சார்ஜர். நூறு டொலருக்குள் கிடைக்கும். நிரம்பியதும் தானாகக் குறைத்துக்கொண்டு, இறங்கினால் திரும்ப ஏற்றும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். அப்பா காலத்துப் பெரிய சார்ஜரை நாலு மாதம் கொழுவி விடாதீர்கள், பற்றரி கொதித்து வற்றிவிடும். முழுச் சார்ஜில் இருக்கும் பற்றரி மைனஸ் 40 இலும் உறையாது. இறங்கிப்போனது மைனஸ் 10 இலேயே உறைந்து வெடிக்கலாம். வாரத்துக்கு ஒரு தடவை கராஜுக்குள் எட்டிப் பார்த்து, பச்சை லைற் எரிகிறதா என்று மட்டும் பாருங்கள். கராஜ் பிளக்கில் கரண்ட் தானாக வெட்டுப்பட்டுக் கிடப்பது புதிதல்ல.

உங்கள் காரில் ஒரு பொறி இருக்கிறது, அதை வாங்கும்போது ஒருவரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பற்றரி முன் பொனற்றுக்குக் கீழே. அந்தப் பொனற் திறப்பது கரண்டில். பற்றரி செத்தால் பொனற் திறக்காது, பொனற் திறக்காவிட்டால் பற்றரியைத் தொட முடியாது. ஜனவரியில் இரண்டு பேராவது எனக்கு இதற்காகப் போன் எடுப்பார்கள். அதற்கும் வழி உண்டு: சாரதி பக்கம் கால் வைக்கும் இடத்தில் உள்ள பியூஸ் பெட்டிக்குள் ஒரு பொசிற்றிவ் முனையை வெளியே இழுக்கலாம். வேறொரு பற்றரியின் பொசிற்றிவை அதில் கொழுவி, நெகற்றிவைக் கதவு பூட்டும் இரும்பில் பிடித்தால் பொனற் திறக்கும். அலாரமும் அலறும், பயப்பட வேண்டாம். ஆனால் இந்த நிலைக்குப் போகாமல், இப்போதே மெயின்ரெய்னரோடு வரும் வளைய முனைகளைப் பற்றரியில் நிரந்தரமாகப் பூட்டி, வயரை வெளியே எடுத்து விடுங்கள். பற்றரி வயரைக் கழற்றியே வைப்பதென்றால் பொனற்றை அமத்திப் பூட்டக் கூடாது. கதவையும் கவனம்: திறக்கும்போது கண்ணாடி கொஞ்சம் கீழே இறங்குவதும் கரண்டில்தான். கரண்ட் இல்லாமல் அடித்துச் சாத்தினால் கண்ணாடி கூரை றபரில் போய் முட்டும்.

ஸ்ரார்ட் பண்ணவே கூடாதா என்றால், ஒரு விதிவிலக்கு உண்டு. ஸ்ரார்ட் பண்ணினால் ஓட்ட வேண்டும். தண்ணீர் சூடேறியதை முள் காட்டும், ஆனால் ஒயில் சூடேற இன்னும் நேரமெடுக்கும், ஆகவே நாற்பது நிமிடமாவது ஓட்ட வேண்டும். ரோட்டில் ஈரம் இருக்கக் கூடாது. காய்ந்திருந்தாலும் வெள்ளைத் தூளாக உப்புக் கிடக்கக் கூடாது. உங்கள் காரில் இருப்பது கோடை ரயர் என்றால் வெளியே 7 பாகைக்கு மேல் இருக்க வேண்டும், அதற்குக் கீழே அந்த றபர் பிளாஸ்ரிக் மாதிரி விறைத்துப்போய் ரோட்டைப் பிடிக்காது. கடும் குளிரில் சில ரயர்கள் உருட்டும்போதே வெடிப்பு விடும். அத்தோடு இன்சூரன்ஸ் முழுதாக இருக்க வேண்டும். இவ்வளவும் பொருந்தி வரும் பெப்ரவரி நாள் ஒன்றை ரொறன்ரோவில் நீங்கள் கண்டால் எனக்கும் போன் எடுங்கள், நானும் வருகிறேன்.

மற்ற வேலைகள் ஒரு சனிக்கிழமை. எப்போது என்று கேட்டால், ஸ்நோ விழும்வரை பார்த்திராமல், ரோட்டில் கொப்பிக் கோடு மாதிரி வெள்ளைக் கோடுகள் தெரியும் முன். நகரசபை லொறி உப்புத் தண்ணீர் தெளித்துவிட்டுப் போன அடையாளம் அது. கீழ்ப்பக்கம் உட்படக் கழுவி நன்றாகக் காயவிடுங்கள். ஒயிலை மாற்றுங்கள், ஏப்ரலில் அல்ல, இப்போது. ஓடிய ஒயிலில் அமிலமும் ஈரமும் இருக்கும், அதில் எஞ்சினை ஊறவைப்பானேன். பெற்றோல் நிலையத்திலேயே ஸ்ரெபிலைசரை (பெற்றோல் பழுதாகாமல் காக்கும் திரவம்) முதலில் ஊற்றி, மேலே பெற்றோலை நிரப்பி, கொஞ்சத் தூரம் ஓட்டி வந்து நிறுத்துங்கள். ரயருக்குக் காற்று கொஞ்சம் கூட, ரயரின் பக்கத்தில் எழுதியிருக்கும் உச்ச அளவைத் தாண்டாமல். கூலன்ற், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம், எந்தக் குளிர்வரை தாங்கும் என்று சோதியுங்கள், தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலவை மைனஸ் 37 வரை தாங்கும். ஹாண்ட் பிறேக் இழுக்க வேண்டாம், கியரில் விட்டுச் சில்லுக்குக் கட்டை வையுங்கள். மடியும் துணிக் கூரையை மூடியே வையுங்கள். மேலே மூடுவதென்றால் காற்றுப் போகும் துணி. நீலத் தறப்பாள் போட்டால் உள்ளே வியர்த்துவிடும்.

இனி அந்த 900 டொலர்காரர். குளிர் காருக்குப் பகை இல்லை, ஈரம்தான் பகை. உப்பு ஒட்டிய கார்கள் வந்துபோகும் சூடான ஸ்ரோறேஜ், உங்கள் குளிர்ந்த காய்ந்த கராஜை விடக் கேடு. சூட்டில் துரு இன்னும் வேகமாக ஓடும். சரி, கொடுப்பதாகவே வைத்துக்கொள்வோம். எழுத்தில் ஒப்பந்தம் உண்டா? மற்றவர்களின் கார் அங்கே நிற்க அவரிடம் இன்சூரன்ஸ் உண்டா? திறப்பு யார் கையில்? ஒருவர் இப்படி 'எங்கட ஆள்தானே' என்று பற்றுச்சீட்டும் இல்லாமல் விட்டுவிட்டு, ஏப்ரலில் எடுக்கப் போனபோது மீற்றரில் 600 கிலோமீற்றர் கூட. யாரிடம் போய்க் கேட்பது? காசாகத் தா என்பவர் உங்களுக்கு உதவி செய்யவில்லை, தடயத்தை அழிக்கிறார். உங்களிடம் கராஜ் இருக்கிறது. அந்தக் காசுக்கு மெயின்ரெய்னரும் வாங்கி, வருகிற வருடம் விண்டர் ரயரும் போடலாம்.

இன்சூரன்ஸில் மனைவி சொல்வது பாதி சரி. முழுதாக வெட்டினால், கராஜில் நெருப்புப் பிடித்தாலோ கார் களவு போனாலோ ஒரு சதம் வராது. ஒன்ராறியோவில் இதற்கென்றே ஓபிசிஎஃப் 16 என்று ஒரு படிவம் இருக்கிறது. ஓட்டுவதற்கான பாதுகாப்பை நிறுத்தி வைத்து, களவு, நெருப்பு போன்றவற்றுக்கான பாதுகாப்பை வைத்திருப்பது. இளவேனிலில் 17 ஆம் படிவத்தால் திரும்ப ஏற்றலாம். இரண்டு கையெழுத்து வேலை. ஆனால் புரோக்கருக்குப் போன் எடுத்தால் முக்கால் மணி நேரம் பாட்டுக் கேட்க வைத்துவிட்டு, "இப்ப கான்சல் பண்ணுங்கோ, ஏப்ரலில் புதுசாப் போடுவம்" என்பார்கள். புதிதாகப் போட்டால் புது விலை, நடுவில் இன்சூரன்ஸ் இல்லாத இடைவெளியும் உங்கள் பெயரில் நிற்கும். படிவத்தின் இலக்கத்தைச் சொல்லியே கேளுங்கள், பதிலை ஈமெயிலில் வாங்குங்கள். கார் கடனில் இருந்தால் வங்கியைக் கேட்காமல் எதையும் நிறுத்த வேண்டாம். நிறுத்திய பிறகு வீதிக்கு, அடுத்த வீட்டு வாசல் வரைகூட எடுக்கக் கூடாது. இன்சூரன்ஸ் இல்லாமல் பிடிபட்டால் முதல் தடவையே குறைந்தது 5,000 டொலர் தண்டம்.

கடைசியாக எலி. சைலன்சர் ஓட்டைகளை இரும்புப் பஞ்சால் அடைத்து விடுங்கள். அடைத்ததை ஒரு கடதாசியில் எழுதி ஸ்ரியரிங்கில் கட்டுங்கள், ஏப்ரலில் வெயிலைக் கண்டதும் வரும் அவசரத்தில் ஒருவருக்கும் அது ஞாபகம் வராது. அதே கடதாசியில் கீழே இன்னும் இரண்டு வரி: நல்ல மழை இரண்டு பெய்து ரோட்டு உப்புக் கழுவுப்பட்டதா? 17 ஆம் படிவம் வந்ததா?