பத்து நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் மகள் பிளஸ் ஒன் முடித்திருக்கிறாள். பயோ-மேத்ஸ் குரூப். கம்ப்யூட்டர், எலக்ட்ரானிக்ஸ் என்று பேச்சை எடுத்தாலே, "ராத்திரி பகலா யாரோடயும் பேசாம ஸ்கிரீனையே பார்த்துக்கிட்டு இருக்கிற வேலை எனக்கு வேண்டாம்மா" என்கிறாள். என் தம்பி ஐ.டி.யில் இருக்கிறான். அவன் வீட்டிலிருந்து வேலை செய்வதைப் பார்த்துத்தான் இப்படிச் சொல்கிறாள். தெரிந்தவர்கள் நடத்தும் நிறுவனத்தில், கோடை விடுமுறையில் பத்து நாள் வந்து பார்க்கட்டும் என்கிறார்கள். அனுப்பலாமா? பத்து நாளில் என்ன மாறிவிடும்?
– ஒரு தாய், பொள்ளாச்சி

பதில்: அனுப்புங்கள் அம்மா.

உங்கள் மகள் பார்த்ததைத்தான் சொல்கிறாள். சாத்திய கதவு, காதில் ஹெட்போன், சாப்பிடக்கூட எழுந்து வராத மாமா. அந்த ஹெட்போனில் மாமா யாரோடு பேசிக்கொண்டிருந்தார், எந்தச் சிக்கலுக்காக ராத்திரி பதினோரு மணிக்கு நாலு பேர் மண்டையை உடைத்துக்கொண்டார்கள் என்பது அவளுக்குத் தெரிய வழியில்லை.

கோவையில் பம்ப்செட் மோட்டார்களுக்கான கன்ட்ரோலர் செய்யும் ஒரு நிறுவனத்தில் 27 வருடம் வேலை பார்த்தேன். கடைசிப் பத்து, பன்னிரண்டு வருடங்கள் ஒவ்வொரு மே மாதமும் நாலைந்து பள்ளிப் பிள்ளைகள் வருவார்கள். என் பொறுப்பில்தான் இருப்பார்கள். அவர்களில் ஒரு பெண்ணைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

அப்போது நாங்கள் மொபைல் ஸ்டார்ட்டர் செய்துகொண்டிருந்தோம். தோட்டத்து மோட்டார் பெட்டிக்குள் ஒரு சிம் கார்டு இருக்கும். விவசாயி வீட்டிலிருந்தே போன் போட்டு மோட்டாரை ஓட விடலாம், நிறுத்தலாம். மூன்று கம்பிகளில் வரும் த்ரீ பேஸ் கரன்ட் (மும்முனை மின்சாரம்) நடு ராத்திரி வந்தால், டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு பாம்புக்குப் பயந்து வரப்பில் நடந்து போன காலம் உங்கள் ஊர்ப் பக்கத்து ஆட்களுக்கு நன்றாகத் தெரியும். அதற்காக வந்த கருவி அது.

அந்தப் பெண் அரசுப் பள்ளியில் படித்தவள், வயது பதினாறு. முதல் நாளே, "மேடம், கோடிங் எல்லாம் எனக்கு வராது" என்றாள். சரி, வேண்டாம் என்றேன். வாடிக்கையாளர்கள் புகார் சொன்ன போன் பேச்சுகளின் பதிவுகளைக் கொடுத்து, யார் என்ன கேட்டார், எந்த இடத்தில் கோபப்பட்டார் என்று நோட்டில் எழுதச் சொன்னேன். மூன்றாம் நாள் நோட்டோடு வந்தாள். "மேடம், மெஷின் நல்லாத்தான் வேலை செய்யுது. அது பேசுறதுதான் சரியில்ல."

நாங்கள் யாரும் கவனிக்காத விஷயம் அது. போன் போட்டதும் பெட்டி முதலில் நிறுவனத்தின் பெயரைச் சொல்லி வணக்கம் வைக்கும். அப்புறம் மூன்று பேஸின் வோல்டேஜையும் வரிசையாகப் படிக்கும். மோட்டார் ஓடுகிறதா இல்லையா என்பது கடைசியில்தான் வரும். அதற்குள் பாதிப் பேர் போனை வைத்துவிடுகிறார்கள். ஒரு பெரியவர் பதிவில் கத்துகிறார்: "ஓடுதா இல்லையா, அதை மட்டும் சொல்லு சாமி!"

அவளை எங்கள் இன்ஜினியர் பக்கத்தில் உட்கார வைத்தேன். "மோட்டார் ஓடுகிறது" அல்லது "மோட்டார் நின்றுவிட்டது, கிணற்றில் தண்ணீர் இல்லை" என்பதை முதலில் சொல்லும்படி அவளே வரிசையை மாற்றி எழுதினாள். புரோகிராமில் மாற்றியது சில வரிகள்தான். சோதிக்கத்தான் இரண்டு நாள் ஆனது. போனை எடுத்தவர் காதில் வைப்பதற்குள் முதல் வார்த்தை ஓடிப்போய்விடுகிறது. "நின்றுவிட்டது" மட்டும் கேட்கிறது. எது நின்றது என்று தெரிவதில்லை. அதனால் தொடக்கத்தில் ஒரு சின்ன இடைவெளி விட்டார்கள். பேச்சின் நடுவே கரன்ட் போனால்? ஒரு பேஸ் மட்டும் போனால்? டெஸ்ட் பெஞ்சில் டெக்னீஷியன் பக்கத்தில் நிற்க, ஒவ்வொரு பேஸாக இவள் அணைத்து அணைத்துப் பார்த்தாள்.

"ஒரு பேஸ் போனா என்ன மேடம், மிச்சம் ரெண்டு இருக்கே?" என்று கேட்டாள். அந்த டெக்னீஷியன் எரிந்துபோன மோட்டார் ஒன்றைத் திறந்து காட்டினார். ஒரு பேஸ் இல்லாமல் ஓடினால் மீதிக் காயிலில், அதாவது மோட்டாருக்குள் சுற்றியிருக்கும் கம்பியில், கரன்ட் ஏறி, சூடாகி, கம்பியின் மேல்பூச்சான வார்னிஷ் கருகிவிடும். அந்த வாடையை ஒரு தடவை முகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள். காயில் கட்டுகிற செலவு ஒரு பக்கம். மோட்டாரைக் கழற்றி, டவுனுக்குக் கொண்டுபோய், திரும்பி வரும்வரை தண்ணீர் பாயாமல் பயிர் வாடுவது இன்னொரு பக்கம். விவசாயி வீட்டுப் பெண் என்பதால் இது அவளுக்கு உடனே பிடிபட்டது. எங்கள் பேச்சு எதுவும் செய்யாததை அந்தக் கருகிய காயில் செய்தது. பத்தாம் நாள், "இது மனுஷங்க கூடப் பேசுற வேலைதான் மேடம்" என்றாள். பிறகு எலக்ட்ரானிக்ஸ் எடுத்துப் படித்தாள்.

அதே மே மாதம் வந்த ஒரு பையன், எங்கள் ஸ்டோர்ஸில் நாலு நாள் இருந்துவிட்டு, "எனக்கு சரக்குக் கணக்குதான் பிடிச்சிருக்கு" என்று பி.காம். போனான். அதிலும் எனக்கு அதே சந்தோஷம்தான். பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லும் பிள்ளையை நம்பலாம். உங்கள் மகளும் பத்து நாள் கழித்து வேண்டாம் என்றால், வற்புறுத்தாதீர்கள்.

அனுப்புவதற்கு முன் நீங்கள் ஒரு தடவை நேரில் போய் வாருங்கள். யார் பொறுப்பில் இருப்பாள், எத்தனை மணிக்கு விடுவார்கள், அங்கே பெண்கள் வேலை செய்கிறார்களா என்று கேளுங்கள். சாயங்காலம் வந்ததும் "பிடிச்சுதா?" என்று கேட்காதீர்கள். "இன்னிக்கு யார் பக்கத்துல உட்கார்ந்தே? அங்கே என்ன தப்பாப் போச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு தானாக வரும்.

கேள்வி: என் பையன் பிளஸ் டூ கம்ப்யூட்டர் சயின்ஸ். கேம் செய்யப் போகிறேன் என்று துடித்துக்கொண்டிருந்தவன். சொந்தக்காரர் ஆபீஸில் இரண்டு வாரம் இருந்துவிட்டு வந்து, "செம போர்ப்பா, எக்ஸெல்ல டைப் அடிக்கச் சொன்னாங்க. எப்படியும் கோடிங்கை ஏ.ஐ.யே எழுதிடும்" என்கிறான். ஏன் அனுப்பினோம் என்று இருக்கிறது.
– ஒரு தந்தை, திருப்பூர்

பதில்: அவன் பார்த்தது வேலையை அல்ல ஐயா, காத்திருப்பதை. எனக்கும் இது நடந்திருக்கிறது. பாலிடெக்னிக் படித்தபோது இன்பிளான்ட் டிரெயினிங் (தொழிற்சாலைப் பயிற்சி) என்று ஒரு மில்லுக்கு அனுப்பினார்கள். எலக்ட்ரிக்கல் ஆபீஸில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்தார்கள். ஒரு மாதம் யாரும் ஒரு ஸ்குரூ டிரைவர்கூட என் கையில் கொடுக்கவில்லை. பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு என்றார்கள். வீட்டுக்கு வந்து, டீச்சராகப் போகிறேன் என்று அப்பாவிடம் அழுதேன். எங்கள் தெருமுனையில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்த அண்ணன்தான், எரிந்த 5 எச்.பி. மோட்டார் ஒன்றைக் கொடுத்து, பழைய காயிலைப் பிரித்து எத்தனை சுற்று என்று எண்ணச் சொன்னார். நான் எண்ணிச் சொன்ன கணக்கில்தான் புதுக் காயில் சுற்றினார். மறுநாள் சாயங்காலம் அது ஓடியது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

ஆகவே ஒரே இடத்தை வைத்து அவன் முடிவு எடுக்க வேண்டாம். வேறோர் இடத்தில், ஒரு ஆளுக்குப் பக்கத்தில், நாலு நாள் இருக்க விடுங்கள். அந்த எக்ஸெல் யாருக்காக, எதற்காக என்று சொந்தக்காரரிடம் அவனையே கேட்கச் சொல்லுங்கள். பதில் அவனுக்கு ஆச்சரியமாக இருக்கலாம்.

ஏ.ஐ. வரிகளை எழுதும் என்பது உண்மை. மேலே சொன்ன பெரியவர் "அதை மட்டும் சொல்லு சாமி" என்று கத்தியதைக் கேட்டு, எது முதலில் வர வேண்டும் என்று முடிவு செய்ய ஓர் ஆள் வேண்டியிருந்தது. உங்கள் பையனுக்கு அந்த இடத்தைக் காட்டுங்கள். கல்லூரிதான் ஒரே வழி என்றும் இல்லை. பிளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களைச் சேர்த்து, உதவித்தொகை கொடுத்து, வேலையோடு சேர்த்துக் கற்றுத்தரும் பள்ளியை ஜோஹோ என்ற சாஃப்ட்வேர் நிறுவனம் இருபது வருடமாக நடத்துகிறது. விசாரித்துப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் பள்ளி மாணவர்களை இப்படி அனுப்ப ஆசை. சட்டச் சிக்கல் வருமா? மற்ற நாடுகளில் எப்படிச் செய்கிறார்கள்? எங்கள் ஊரில் ஐ.டி. நிறுவனமே கிடையாதே!
– அரசு மேல்நிலைப் பள்ளி ஆசிரியை, ஈரோடு மாவட்டம்

பதில்: 2016இல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின்படி, 14 முதல் 18 வயது வரை உள்ளவர்களைச் சுரங்கம், வெடிபொருள் போன்ற ஆபத்தான வேலைகளில் சேர்க்கக் கூடாது. ஒன்பதாம் வகுப்புக்கு மேல் உள்ளவர்களை மட்டும், கற்றுக்கொள்வதற்காக மட்டும் அனுப்புங்கள். வேலைக்கு ஆள் குறைகிறது என்று கேட்கும் இடம் வேண்டவே வேண்டாம். தலைமை ஆசிரியர், பெற்றோர் இருவரின் கடிதமும் கையில் இருக்கட்டும்.

ஜெர்மனியில் 2001 முதல் வருடத்துக்கு ஒரு நாள், பெண்கள் குறைவாக உள்ள தொழில்நுட்ப இடங்களுக்குப் பள்ளிச் சிறுமிகள் போகிறார்கள். ஐந்தாம் வகுப்பிலிருந்தே! இங்கிலாந்தில் 2020இல் வந்த டி லெவல் என்ற தொழிற்கல்விப் படிப்பில் குறைந்தது 315 மணி நேரம் நிறுவனத்தில் இருந்தாக வேண்டும். கிட்டத்தட்ட 45 நாள். ஒரு நாள் ஆசையைத் தூண்டும். மனது மாற, என் அனுபவத்தில், ஒரு வாரமாவது வேண்டும்.

ஐ.டி. நிறுவனம் இல்லாவிட்டால் என்ன? பால் சொசைட்டியில் கொழுப்பு அளக்கும் மெஷின் இருக்கிறது. எடை மேடை, ஸ்கேன் சென்டர், இ-சேவை மையம், செல்போன் சர்வீஸ் கடை, சோலார் பேனல் மாட்டுகிறவர் எல்லாம் இருக்கிறார்கள். இடத்துக்கு மூன்று பேருக்கு மேல் அனுப்பாதீர்கள். முப்பது பேர் போனால் அது சுற்றுலா. அந்த இடத்து ஆளிடம் ஒன்றே ஒன்று கேட்டு வாங்குங்கள்: யாரோ ஒருவர் உண்மையிலேயே முடிவுக்காகக் காத்திருக்கிற ஒரு சின்ன வேலை, ஒவ்வொரு பிள்ளைக்கும்.

ஆளுக்கொரு நோட்டு கொடுத்து, தினமும் பார்த்ததை எழுதச் சொல்லுங்கள். பள்ளி திறந்ததும் அதில் இரண்டு, மூன்றை எனக்கு அனுப்பி வையுங்கள். எழுத்துப் பிழையைத் திருத்தாமல், அவர்கள் கையெழுத்திலேயே.